கெலுவார் விளக்கின் பின்னால் கதவு திறக்குமா?

டத்தோ கிராமாட் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூட்டு நிர்வாகக் குழுவினருக்கும் (ஜேஎம்பி) குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

மலேசியாவில் இந்தப் பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று உங்களுடையது: பினாங்கில் கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி ஆயர் ஈத்தாம் பக்கமாக நீளும் சாலையும் அதன் இருபுறமும் வளர்ந்த குடியிருப்புகளும். இன்னொன்று கோலாலம்பூர் நகருக்குள் இருக்கும் கம்போங் டத்தோ கிராமாட். 2017 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, பொழுது விடியுமுன் அந்த இன்னொரு கிராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா என்ற சமயப் பள்ளி தீப்பிடித்தது. மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். 21 பேர் மாணவர்கள், 2 பேர் அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர்கள். சன்னல்களில் இரும்புக் கிரில் இருந்தது. வெளியேறும் வழியில் தீ நின்றது. சில பையன்கள் மட்டும் வெளிச்சுவர்க் குழாயைப் பற்றிச் சறுக்கி உயிர் பிழைத்தார்கள்.

யாரோ வைத்த தீ அது என்பது விசாரணையில் தெரியவந்தது. ஆனால் இந்த மடலுக்குக் காரணம் தீ வைத்தவர்கள் அல்லர்; ஒரு சுவர். கட்டட வரைபடத்தில் அந்த மேல்மாடி திறந்த தளமாக இருந்தது. இரண்டு படிக்கட்டுகளில் எதற்கு வேண்டுமானாலும் பிள்ளைகள் போயிருக்கலாம். பிற்பாடு நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழும்பியது, இரண்டாவது படிக்கட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அன்றைய வீடமைப்பு அமைச்சரே இதைச் செய்தியாளர்களிடம் சொன்னார். படிக்கட்டை யாரும் இடிக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எட்டும் வழிதான் இல்லாமல் போனது.

இதுபோன்ற சுவர்கள் செங்கல்லால்தான் எழும்ப வேண்டும் என்பதில்லை. படிக்கட்டு முகப்பில் ஒரு சப்பாத்து அலமாரி, அதன்மேல் பூச்சட்டி, பக்கத்தில் மடக்கி வைத்த பழைய மெத்தை, பேரனின் சைக்கிள், காலியான கேஸ் தோம்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். இரண்டு வருடத்தில் அங்கே ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். தலைக்கு மேலே பச்சை விளக்கில் 'கெலுவார்' (வெளியேறு) என்ற மலாய்ச் சொல் மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

உங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் வெள்ளீயம் உருக்கும் ஆலையின் வட்டாரம். ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஆலை நின்ற நிலத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளும் அஞ்சடி நடைபாதையும் இருந்த தெருக்களில் இருபது, முப்பது மாடிகள் எழுந்துவிட்டன. கடைவீட்டில் தீ என்றால் ஓடி அஞ்சடிக்கு வந்தால் போதும் என்று வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பதினெட்டாவது மாடியில் தூங்குகிறார்கள். வீடு மாறிவிட்டது. தப்பும் வழியைப் பற்றிய பழக்கம் இன்னும் அஞ்சடிக் காலத்திலேயே இருக்கிறது.

இந்த மடலை எழுதுபவர் பினாங்கில் ஓர் அடுக்குமாடியில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது லிப்ட் பழுதாகிவிட்டது. அவசரப் படிக்கட்டு வழியே இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் பச்சை விளக்கு. சில விளக்குகள் அணைந்திருந்தன, பெரும்பாலானவை எரிந்தன. கீழ்த்தளத்துக்கு வந்தால் வெளிக்கதவில் சங்கிலியும் பூட்டும். சாவி ஜாகா எனப்படும் காவலாளியிடம். ஜாகா வாயிற்காப்பு அறையில், கட்டடத்தின் மறுபக்கத்தில். கேட்டபோது கிடைத்த பதில் பொய்யில்லாத பதில்: திருட்டு அதிகமாகிவிட்டது, மோட்டார் சைக்கிள்கள் காணாமல் போகின்றன, குடியிருப்பவர்களே பூட்டச் சொன்னார்கள்.

இந்தப் பதிலைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. திருட்டு வாரந்தோறும் நடக்கிறது. தீ பத்து வருடத்துக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் பத்தில் ஒன்பது கைகள் பூட்டுக்குத்தான் எழும். அந்தப் பத்தாவது கையின் பக்கம் நிற்க வேண்டியது குழுவின் வேலை. சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணை விதிகளில் 173ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது: வெளியேறும் கதவு எதுவானாலும் உள்ளிருந்து சாவியில்லாமல், தனிப் பயிற்சியோ முயற்சியோ இல்லாமல் திறக்க வேண்டும். மின்காந்தப் பூட்டு போட்டிருந்தால் மின்சாரம் போனாலோ அபாயமணி அடித்தாலோ அது தானாக விட்டுவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி தப்பும் வழியை அடைப்பது தீ அபாயம். அதை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கத் தீயணைப்புத் துறையான போம்பாவுக்கு அதிகாரம் உண்டு.

திருட்டுக்குப் பயந்து பூட்டிய கதவின் கதை நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று நடந்தது. டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இயங்கியது. தையல் வேலை செய்த பெண்கள் துணியைப் பைக்குள் மறைத்து எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பதற்காக ஒரு பக்கக் கதவைப் பூட்டி, எல்லாரையும் ஒரே வழியில் வரிசையாக விடுவது வழக்கம். அன்று மாலை ஒன்பதாவது மாடியில் அந்தக் கதவு திறக்கவில்லை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் இளம்பெண்கள். பினாங்குத் தமிழர்களுக்கு அந்தக் குடும்பங்களின் நிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

பூட்டா, உயிரா என்ற இந்தச் சிக்கலுக்குத் தீர்வு அதற்கும் முன்பே பிறந்துவிட்டது என்பதுதான் வேதனை. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா ஹால் அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடிவில் மேடையருகே பரிசுப் பொம்மைகள் கொடுத்தார்கள். மேல்மாடத்துக் குழந்தைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. அதுவும் ஒருவர் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. தீ இல்லை, புகை இல்லை. 183 குழந்தைகள் அங்கேயே நெரிந்து இறந்தார்கள். அந்தக் கொடுமையின் பிறகு ராபர்ட் அலெக்ஸாண்டர் பிரிக்ஸ் என்பவர், உள்ளிருந்து உடம்பு பட்டாலே திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டு ஒன்றை வடிவமைத்து 1892இல் காப்புரிமை பெற்றார். வெளியே இருப்பவருக்கு அது பூட்டிய கதவு. உள்ளே இருப்பவருக்கு அது திறந்த கதவு. இன்று பினாங்கின் பேரங்காடிகளில் அவசரக் கதவின் நடுவில் குறுக்காக இருக்கும் இரும்புத் தண்டு அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். திருடனுக்கும் தீக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் அந்தச் சாதனம் கிடைக்கும்போது சங்கிலி எதற்கு? தண்டு தள்ளப்பட்டால் ஜாகா அறையில் மணியடிக்கும்படியும் செய்யலாம். மோட்டார் சைக்கிள் திருடன் அந்த வழியாக ஓசையில்லாமல் போக மாட்டான்.

வீட்டுக் கிரில் குழுவின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. குறைந்தது ஒரு சன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், வாசல் கிரில்லின் சாவி கதவுக்கு அருகே எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும் என்று அறிவிப்புப் பலகையில் மற்ற மொழிகளோடு தமிழிலும் எழுதி ஒட்டக் குழுவால் முடியும். அந்த ஆணி பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கிரில்லுக்கு உள்ளே அகப்பட்டவர்களில் சாவி எங்கே என்று தெரியாதவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் விருந்தாளிகளும் வீட்டு வேலைக்கு வந்தவர்களும்தான்.

இப்போது அந்தப் பச்சை விளக்குக்கு வருவோம்.

பச்சைப் பின்னணியில் கதவை நோக்கி ஓடும் மனிதரை உங்கள் பிள்ளைகளுக்கு விமான நிலையத்திலிருந்தே தெரியும். அவர் ஜப்பானில் பிறந்தவர். 1972 மே 13 அன்று ஒசாகாவில் சென்னிச்சி பேரங்காடிக் கட்டடத்தில் நேர்ந்த தீயில் 118 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் குமமோட்டோ நகரின் தையோ பேரங்காடியில் தீ, 100க்கு மேற்பட்டோர் பலி. அதுவரை ஜப்பானில் வெளியேறும் வழியைக் காட்டியவை பெரிய சீன எழுத்துகள். புகையில் அவை தெரியவில்லை, சிறு பிள்ளைக்கும் வெளிநாட்டவருக்கும் புரியவுமில்லை. பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டுப் போட்டி வைத்தார்கள், 3,000க்கு மேற்பட்டவை வந்தன. அவற்றைப் புகையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டா செப்பனிட்ட ஓடும் மனிதர் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவுக்குப் போனார். சோவியத் நாடும் ஒரு வடிவத்தை முன்வைத்திருந்தது. 1980களின் நடுவில் ஜப்பானிய வடிவம் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

மலேசியச் சட்டம் எழுத்தையும் கேட்கிறது. அதே துணை விதிகளில் 172ஆவது: 'கெலுவார்' என்ற சொல் 150 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், முக்கியக் கோடுகள் 18 மில்லிமீட்டருக்குக் குறையாத பருமனில் இருக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிய வேண்டும். வழி எந்தப் பக்கம் என்று பார்த்தவுடன் விளங்காத ஒவ்வோர் இடத்திலும் அம்புக்குறியோடு வைக்க வேண்டும். அலங்காரமோ தட்டுமுட்டுச் சாமானோ அதை மறைக்கக் கூடாது. எழுத்தின் உயரத்தை ஓர் அடிக்கோலால் அளந்துவிடலாம். சீனப் புத்தாண்டுக்குக் கட்டிய சிவப்புத் தோரணமும் தீபாவளிக்குக் கட்டிய மாவிலைத் தோரணமும் அம்புக்குறியை மறைத்துத் தொங்குகின்றனவா என்பதைத்தான் யாரும் அளப்பதில்லை.

கிராமாட்டின் ஒரு பிளோக்கை எடுத்துக்கொண்டால் மலாய், ஹொக்கியன், தமிழ், நேப்பாளி, வங்காளம், பர்மிய மொழி எல்லாம் ஒரே லிப்டில் ஏறி இறங்கும். தோட்டத்துப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்து, மகனோடு வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கு மலாய் பேச வரும், 'கெலுவார்' என்று வாசிக்க வராது. அவருக்கு அந்த ஓடும் மனிதர்தான் எழுத்து. பழைய விளக்குகள் பலவற்றில் வெறும் சொல் மட்டுமே இருக்கிறது. பழுதானதை மாற்றும்போது படமும் உள்ளதாக வாங்கினால் கூடுதல் செலவு பெரிதாக இராது.

விளக்கு எங்கே தொங்குகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கதவின் தலைமேல் தொங்குகிறது. புகை முதலில் நிரம்புவதும் அங்கேதான். சூடான புகை கூரையைத் தொட்டுப் படர்ந்து, பிறகு மேலிருந்து கீழாக அறையை நிரப்பும். தரையில் தவழும் உயரத்தில் கொஞ்ச நேரம் காற்று மிஞ்சியிருக்கும். தவழ்ந்து போங்கள் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவழ்கிற பிள்ளை அண்ணாந்து பார்த்தால் தெரிவது கரும்புகை. வழிகாட்டும் அடையாளம் அந்த உயரத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் குறையை விமானத்துறை ஒரு கசப்பான மாலையில் கற்றுக்கொண்டது. 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடாவின் 797ஆம் எண் விமானத்தில் பறக்கும்போதே பின்பக்கக் கழிப்பறை அருகே தீ. விமானி சின்சினாட்டியில் பத்திரமாக இறக்கிவிட்டார். ஆனால் இருந்த 46 பேரில் 23 பேர் கதவை அடையவில்லை. அதன்பிறகுதான் விமானங்களில் தரையோர விளக்குகள் கட்டாயமாயின. சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் ஏறும்போது பணிப்பெண் கையால் தரையைக் காட்டுவது அந்த 23 பேரின் காரணமாகத்தான்.

கட்டடங்களுக்கும் அதே பாடம் கிடைத்தது. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது மின்சாரம் போய், ஆயிரக்கணக்கானோர் புகை மண்டிய இருட்டுப் படிக்கட்டில் மணிக்கணக்கில் தடவித் தடவி இறங்கினார்கள். பிறகு படி விளிம்புகளிலும் கைப்பிடிகளிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு பூசினார்கள். பகலில் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு விளக்கு அணைந்ததும் பச்சையாக ஒளிரும் பூச்சு அது. 2001இல் அதே கோபுரங்கள் தாக்கப்பட்டபோது தப்பியவர்கள் பலர் அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். 2004இல் நியூயார்க் நகரம் 75 அடிக்கு மேல் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு அதைச் சட்டமாக்கியது. அதற்குப் பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம். நாள் முழுக்க ஏதோ ஒரு வெளிச்சம் படும் இடமாக இருந்தால் போதும். படிக்கட்டில் மின்விளக்கைச் சிக்கனத்துக்காக அணைத்து வைத்தால் பூச்சு வெளிச்சம் குடிக்க வழியில்லாமல் செத்துவிடும். இந்த நுணுக்கம் தெரியாமல் வாங்கிப் பூசினால் காசுதான் நட்டம்.

இனி இந்த மடலின் முக்கியமான வேண்டுகோள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்த செய்தியை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். வெளிச்சுவரில் ஒட்டிய எரியும் தகடுகள் பற்றி நிறையப் பேசினார்கள். குறைவாகப் பேசப்பட்டது ஒன்று உண்டு: படிக்கட்டில் மாடி எண்கள். புதுப்பிப்பு வேலையின்போது கீழ்த்தளங்கள் மாற்றியமைக்கப்பட்டு மாடிகளின் கணக்கு மாறியிருந்தது. படிக்கட்டில் அது தெளிவாகக் குறிக்கப்படவில்லை. உள்ளே போன தீயணைப்பாளர்கள் தாங்கள் எந்த மாடியில் நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் 2019 அக்டோபரில் வெளியிட்ட முதல் அறிக்கையில் தனிப் பரிந்துரையாகவே வைத்தார்: உயர்ந்த கட்டடங்கள் எல்லாவற்றிலும் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்தளத்திலும், லிப்ட் கூடத்திலும், மங்கிய ஒளியிலும் புகையிலும் தெரியும்படி மாடி எண் எழுதப்பட வேண்டும்.

பினாங்கில் இந்தக் குழப்பத்துக்கு நாமே ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டிருக்கிறோம். நான்கு என்ற எண் சீனர்களின் காதுக்குச் சாவு என்று ஒலிக்கும். அதனால் பல கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு அடுத்தது 3ஏ. பதின்மூன்றையும் பலர் விரும்புவதில்லை, 12ஏ வந்துவிடும். பதினான்கு 13ஏ ஆகும். அதற்குக் கீழே வாகன நிறுத்தத்துக்கு பி1, பி2 என்றோ தரைத்தளத்துக்கு ஜி என்றோ தனிக்கணக்கு ஓடும். ஒருவர் நம்பிக்கையை மதிப்பதில் தவறில்லை. அண்டை வீட்டார் மனம் கோணாமல் வாழ்வது இந்தத் தீவின் பழைய பண்பு. ஆனால் 999க்கு அழைத்து 'பதினைந்தாவது மாடி' என்று ஒரு பெண் பதறும்போது, கீழே நின்று சன்னல் வரிசைகளை எண்ணும் போம்பா வீரருக்கு அது எத்தனையாவது வரிசை? அவர் வெளியிலிருந்து எண்ணுவது ஓர் எண். லிப்ட் பொத்தானில் இருப்பது இன்னோர் எண். படிக்கட்டில் எழுதியிருப்பது, எழுதியிருந்தால், மூன்றாவது எண். இரண்டு மாடி வித்தியாசம் என்றால் மூச்சுக்கருவியும் குழாயும் சுமந்தவர் தவறான கதவைத் திறந்து, மூடி, மறுபடி ஏற வேண்டும்.

ஆகவே 3ஏ 3ஏவாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், படிக்கட்டின் ஒவ்வொரு தளத்திலும், சுவரில் கைப்பிடி உயரத்தில், தரையிலிருந்து உண்மையில் எத்தனையாவது தளம் என்று ஒரு சாணுக்குக் குறையாத எழுத்தில் எழுதுங்கள். பிளோக்கின் பெயர், எந்தப் படிக்கட்டு என்ற எழுத்து, கீழே போனால் வெளியேறும் தளம் எது என்ற அம்பு ஆகியவையும் சேரட்டும். இந்தக் கடைசி அம்பை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பதறி இறங்குகிறவர் தரைத்தளம் தாண்டியது தெரியாமல் அடித்தள வாகன நிறுத்தத்துக்கே போய்விடுவார். அங்கே காடிகளும் புகையும் இருட்டும்தான் இருக்கும். வாயில் ஜாகா அறையில் ஒரு படம் மாட்டி, லிப்ட் எண்ணுக்கு எதிரே உண்மையான தளக் கணக்கை எழுதி வையுங்கள். போம்பா வண்டி வந்து நின்றதும் அந்தப் படம் வீரர் கைக்குப் போக வேண்டும். இதற்கு ஒரு சாயம் பூசுபவரும் இரண்டு நாளும் போதும்.

நிகழ்ச்சி மண்டபங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் குடியிருப்புகளின் பொது மண்டபத்தில் பிறந்தநாளும் நிச்சயதார்த்தமும் நடக்கின்றன. தமிழர்களுக்கு 2004ஆம் ஆண்டு மறக்கக் கூடாத ஆண்டு. அந்த ஜனவரி 23 அன்று திருச்சி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர். காவிரிப் படுகையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மூன்று. கீற்றுக் கொட்டகை பினாங்கில் இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. கூட்டம் நிறைந்த இடம், குறுகிய வழி, எரியும் அலங்காரம் என்ற மூன்றும் எங்கும் சேரலாம். மண்டபத்தை வாடகைக்கு விடும் தாளில் எத்தனை பேர் வரலாம், எந்த இரண்டு கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், பந்தல் போடுகிறவர் இரண்டாவது கதவின் முன் மேடை கட்ட மாட்டார்.

இரண்டாவது கதவைத் திறந்து வைத்தாலும் மக்கள் அந்த வழியாகப் போவதில்லை என்பது இன்னொரு சங்கடம். பதறும் மனிதர் வந்த வழியாகவே திரும்புகிறார். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இசைக்கூடத்தில் மேடை வாணவேடிக்கையில் தீப்பிடித்தது. வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலோர் நுழைந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். அங்கே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வழி அடைத்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். உங்கள் குடியிருப்பில் 'நுழைந்த வழி' எது? லிப்ட். தினமும் காலையும் மாலையும் கால் பழகிய வழி அதுதான். பத்து வருடம் குடியிருந்தும் அவசரப் படிக்கட்டில் ஒருமுறைகூட இறங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அம்புக்குறி எவ்வளவு பெரிதாக எழுதினாலும் முதல் நொடியில் கால் லிப்ட் பக்கம்தான் திரும்பும். வருடத்துக்கு இருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும் முன்பு, எல்லாரும் படிக்கட்டில் இறங்கி வாசலில் ஒரு கோப்பை தேத்தாரிக் குடித்துவிட்டு ஏறட்டும். கால் கற்றுக்கொள்ளும்.

படிக்கட்டில் இறங்க முடியாதவர்கள் பட்டியல் குழுவிடம் இருக்க வேண்டும். டயாலிசிஸுக்குப் போகும் மாமா, சக்கர நாற்காலியில் இருக்கும் அக்கா, எட்டு மாதக் கர்ப்பிணி. எந்த வீடு, எந்த மாடி, அருகே உதவக்கூடியவர் யார் என்று ஒரு தாளில் எழுதி, மூடிய உறையில் ஜாகா அறையில் வையுங்கள். அவர்கள் சம்மதத்தோடு மட்டும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் நீண்டுகொண்டே போவது தெரியாத விஷயமில்லை. மாலை வேலை முடிந்து வந்து, சம்பளமில்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பொறுப்பைச் சுமக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு இந்த மடலில் மரியாதை உண்டு. 2013ஆம் ஆண்டின் அடுக்கக நிர்வாகச் சட்டம் பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனி நிதிக்கு வசூலிக்கச் சொல்கிறது. பெரிய பழுதுக்கும் மாற்றத்துக்கும் அந்த நிதியைத் தொடலாம். ஆனால் மேலே கேட்டவற்றில் பாதிக்கு அதுகூடத் தேவைப்படாது. சப்பாத்து அலமாரியை நகர்த்தக் காசு வேண்டாம். சங்கிலியை அவிழ்க்கக் காசு வேண்டாம். படிக்கட்டுக் கதவை எப்போதும் திறந்து வைக்கச் செருகியிருக்கும் செங்கல்லை எடுக்கக் காசு வேண்டாம். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. மூடினால்தான் புகை படிக்கட்டுக்குள் நுழையாமல் நிற்கும்.

விளக்குகளுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. பெரும்பாலான கெலுவார் பெட்டிகளுக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் போனால் அதுதான் எரிய வைக்கும். சில வருடங்களில் அது செத்துப்போகும். மின்சாரம் இருக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் செத்தது வெளியே தெரியாது. பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ குண்டூசித் தலை அளவில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மின்சாரத் தொடர்பு துண்டிக்கப்பட்டு பேட்டரிக்கு மாறும். அழுத்தியதும் அணைந்தால் பேட்டரி இல்லை என்று பொருள். துப்புரவு செய்யும் அண்ணனிடம் ஒரு குச்சி கொடுத்து மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் அழுத்தச் சொன்னால், அணைந்தவற்றின் மாடி எண்கள் ஒரு தாளில் வந்துவிடும். தீயணைக்கச் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாயின் முனையில் பித்தளை மூக்கு இன்னும் இருக்கிறதா, யாராவது பழைய இரும்புக் கடைக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டாரா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை. ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, குழுவில் இருவர், கூடவே பிளோக்கிலேயே மூத்த ஒரு பெரியவர், எட்டு வயதுக் குழந்தை ஒன்று. குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு படிக்கட்டின் விளக்குச் சுவிட்சை மட்டும் அணையுங்கள். கைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும், ஆனால் ஏற்ற வேண்டாம். உச்சி மாடியிலிருந்து அந்தப் பெரியவர் முன்னால் இறங்கட்டும். எங்கே அவர் கை தடவுகிறது, எங்கே கால் ஏதோ ஒன்றில் இடிக்கிறது, எந்த மாடியில் நிற்கிறோம் என்று குழந்தை எங்கே கேட்கிறது, கடைசிக் கதவு கையால் தள்ளியதும் திறக்கிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வரட்டும்; வாகன நிறுத்தத் தகராறு அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
பினாங்குத் தமிழர் ஒருவர்